பதின்வயதுப் பிள்ளைகளின் அலர்ஜி: பெங்களூருத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூரில் 22 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். படித்தது பார்மசி. மர்ஃபி டவுன், சிவாஜி நகர், லிங்கராஜபுரம் என்று சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலருக்குக் கடைதான் முதல் படி, டாக்டர் அடுத்த படி. "அண்ணா, பையனுக்கு மறுபடி தும்மல், அதே மாத்திரை குடுங்க" என்ற பேச்சு தினமும் காதில் விழுகிறது. என் மகளுக்கும் 12 வயதில் மூக்கில் ஆரம்பித்து, 14 வயதில் வீசிங் வரை போனது. இப்போது அவளுக்கு 17. கடையில் கேட்டதும் வீட்டில் பட்டதும் சேர்ந்தவைதான் இந்தப் பதில்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

சின்ன வயதில் ஒன்றுமே இல்லை. 13 வயதில் திடீரென்று எப்படி வந்தது?

திடீரென்று வந்ததுபோல் தெரியும், ஆனால் உள்ளே வேலை முன்பே நடந்திருக்கும். மகரந்தமோ தூசியோ தீங்கில்லாத பொருள்தான். அதை எதிரி என்று உடம்பு தப்பாக எடுத்துக்கொண்டு, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. பலமுறை அந்தப் பொருளைச் சந்தித்த பிறகுதான் ஒருநாள் தும்மலாகவோ தடிப்பாகவோ வெளியே தெரியும். சேலத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ இங்கே குடிவந்த குடும்பங்களில் முதல் வருடம் ஒன்றும் இருக்காது, இரண்டாவது மூன்றாவது வருடத்தில் ஆரம்பிக்கும். காரணம் இதுதான். அப்பா, அம்மாவில் யாருக்காவது ஆஸ்துமா, மூக்கு அலர்ஜி, தோல் அரிப்பு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல்.

வயதுக்கு வந்தால் தானாகப் போய்விடும் என்கிறார்களே?

பாதி உண்மை. பால், முட்டை அலர்ஜி பல பிள்ளைகளுக்குப் பத்து வயதைத் தாண்டும்போது விலகிவிடுகிறது. வேர்க்கடலை, முந்திரி, இறால் அலர்ஜி பெரும்பாலும் கூடவே வரும். ஆஸ்துமாவில் ஒரு வித்தியாசம் உண்டு. பையன்களில் பலருக்குப் பருவ வயதில் குறைகிறது. பெண் பிள்ளைகளுக்கு அப்போதுதான் தொடங்குவதோ கூடுவதோ சகஜம். "பெரிய மனுஷி ஆனா சரியாயிடும்" என்று பெண் பிள்ளையின் இளைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

இது சளியா, அலர்ஜியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு, கண், மேலண்ணம், காது மடலுக்குள் அரித்தால் அலர்ஜிப் பக்கம்தான் சாயும். மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாக ஒழுகும், காய்ச்சல் இருக்காது, காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல் வரும், வாரக்கணக்கில் நீளும். சளி என்றால் உடம்பு வலிக்கும், மூக்குச்சளி கெட்டியாகும், ஒரு வாரம் பத்து நாளில் இறங்கிவிடும்.

கடையில் பிள்ளை எதிரே நின்றால் நான் முதலில் மூக்கைத்தான் பார்ப்பேன். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கெலும்பு முடியும் இடத்தில் குறுக்காக ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே தூங்காதவர்போல ஒரு கருமை. வாய் லேசாகத் திறந்தே இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்பேன். "ரெண்டு வருஷமா சைனஸ்ணா" என்பார்கள். சைனஸ் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கு அலர்ஜிதான்.

பெங்களூருக் காற்றுதான் காரணமா? பிப்ரவரி, மார்ச்சில் ரோடெல்லாம் இளஞ்சிவப்புப் பூ கொட்டுகிறதே, அதுவா?

டபெபுயா மரத்தை எல்லாரும் குற்றம் சொல்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் பூக்கள் பூச்சியை அழைக்கப் பூப்பவை. அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் வெகுதூரம் போகாது. தொல்லை தருபவை பெரும்பாலும் கண்ணில் படாத பூக்கள்: புல், சவுக்கு, களைச்செடிகள்.

அதில் முக்கியமானது பார்த்தீனியம். கன்னடத்தில் காங்கிரஸ் கிட என்பார்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. பெங்களூரில் காலி மனை, ரயில் பாதை ஓரம், ஏரிக்கரை எங்கும் உண்டு. கேரட் இலைபோல் வெட்டுப்பட்ட இலை, அரிசிப்பொரி அளவில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மழை விழுந்ததும் இடுப்பு உயரத்துக்கு எழும்பிவிடும். மகரந்தம் மூக்கையும் நெஞ்சையும் தாக்கும். செடி தோலில் பட்டால் சிலருக்குக் கழுத்து, கண்ணிமை, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துச் சொறியும். பள்ளியில் தூய்மை நாள் என்று சொல்லி வெறுங்கையால் இதைப் பிடுங்க வைத்து, மறுநாள் முகம் வீங்கி வந்த எட்டாம் வகுப்புப் பையனைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அப்படி நடந்தால் கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும் என்று கேளுங்கள். ஏற்கெனவே அலர்ஜி இருந்தால் அந்த வேலையே வேண்டாம். செவ்வந்தியும் இதே குடும்பம். பார்த்தீனியத்தால் தோல் தடிக்கிற சிலருக்குச் செவ்வந்தி மாலை கட்டினாலும் அரிக்கும். ஆயுத பூஜையன்று அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ வேலை நடக்கும் இடத்துத் தூசி, வண்டிப் புகை இரண்டும் அலர்ஜிப் பொருள் அல்ல. ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மூக்கையும் மூச்சுக்குழாயையும் உரசி எரிச்சலைக் கூட்டும். ட்யூஷனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைக்கு முகக்கவசம் நல்லது.

அப்புறம் புறா. பால்கனியில் எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரலே பாதிக்கப்படும். அது சாதாரண தும்மல் அலர்ஜி அல்ல, வேறு நோய். விடாத வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, எடை குறைவது இருந்தால், வீட்டில் புறா இருப்பதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வீட்டைப் பளபளவென்று வைத்திருக்கிறோம். பிறகும் ஏன் காலையில் தும்மல்?

தரையில் பிரச்சினை இல்லை, படுக்கையில் இருக்கிறது. மெத்தைக்குள்ளும் தலையணைக்குள்ளும் தூசிப்பூச்சி வாழ்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் பொடியே அதற்குச் சாப்பாடு, காற்றின் ஈரமே அதற்குத் தண்ணீர். பெங்களூரின் ஜூலை, ஆகஸ்ட் குளிரும் ஈரமும் அதற்குச் சௌகரியம். அலர்ஜி தருவது பெரும்பாலும் அதன் எச்சம்.

விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வாஷிங் மெஷினில் அந்த எண்ணே போட்டிருக்கும். வருடக்கணக்கான இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் பூச்சி குறையும், எச்சம் போகாது, அதனால் துவைப்பது அவசியம். மெத்தைக்கு ஜிப் வைத்த நெருக்கமான உறை கிடைக்கிறது, முடிந்தால் வாங்குங்கள். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். ஒட்டடை அடிக்கும் நாளில் அந்தப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டாம்.

புகையைப் பற்றிச் சொன்னால் சில பாட்டிகளுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். தலைக்குக் குளித்த பெண் பிள்ளைக்குச் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். இளைப்பு உள்ள பிள்ளைக்கு அது வேண்டாம். கூந்தலை மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 சிகரெட்டுக்குக் குறையாத நுண்துகள் வருகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலைதான் நல்லது.

ரத்தப் பரிசோதனையில் முப்பது பொருள் அலர்ஜி என்று வந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

15 வயதுப் பெண் ஒருத்தி. அம்மா கையில் நாலு பக்க ரிப்போர்ட். பால், கோதுமை, துவரம்பருப்பு, தக்காளி, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் நேரே சிவப்பில் அச்சு. ஐந்து மாதமாக அந்தப் பிள்ளை சோறும் ரசமும்தான் சாப்பிட்டிருக்கிறாள். கன்னம் ஒட்டியிருந்தது. "இதெல்லாம் சாப்பிட்டப்போ உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலண்ணா, தும்மல்தான்." தும்மல் அதற்கு முன்பும் இருந்தது, அப்போதும் இருந்தது. பிறகு அலர்ஜி டாக்டரிடம் போனார்கள். தூசிப்பூச்சிதான் காரணம் என்று தெரிந்தது. சாப்பாடு எல்லாம் திரும்பி வந்தது.

பரிசோதனையில் 'உண்டு' என்று வந்தால், உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். சாப்பிட்டால் நோய் வரும் என்று அர்த்தமில்லை. 2016இல் வெளியான, கர்நாடகத்துப் பெரியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஏதோ ஒரு உணவுக்கு ரத்தத்தில் அடையாளம் இருந்தவர்கள் சுமார் நாலில் ஒருவர். உண்மையில் உணவு அலர்ஜி இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டினார்கள். அவ்வளவு இடைவெளி.

மொத்த ஐஜிஇ அதிகம் என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். வயிற்றில் பூச்சி இருந்தாலே அது ஏறும். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் சோதனையை வைத்து உணவு அலர்ஜியைச் சொல்வதை அலர்ஜி மருத்துவர்கள் ஏற்பதில்லை.

சரியான வழி, முதலில் கதை, பிறகு சோதனை. என்ன சாப்பிட்டான், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, ஒவ்வொரு முறையும் ஆகிறதா என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். உண்மையான உணவு அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். அந்தக் குறிப்பைப் பார்த்து டாக்டர் சந்தேகப்படும் நாலைந்து பொருளுக்கு மட்டும் முன்கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்ப்பார். 15, 20 நிமிடத்தில் முடிவு தெரியும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அலர்ஜி மாத்திரை போடக்கூடாது, எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம் என்கிறாரே மாமியார்?

அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். கத்தரிக்காய் தின்றால் நாக்கு அரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கெட்டுப்போன மீனிலும் சரியாகப் பதப்படாத கருவாட்டிலும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் சேர்ந்து தடிப்பை உண்டாக்கும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான கரப்பான் பட்டியல் என்று ஒன்றில்லை. உங்கள் பிள்ளைக்கு அரிக்கிறதா? அரித்தால் நிறுத்துங்கள். இல்லையென்றால் எண்ணெய்க் கத்தரிக்காயைத் தட்டில் போடுங்கள்.

பரீட்சை நேரத்தில் மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள். அவில், குளோர்பெனிரமைன் இரண்டும் பழைய தலைமுறை மருந்துகள். மூளைக்குள் போய் மந்தமாக்கும். ராத்திரி போட்டதன் மந்தம் காலைப் பரீட்சை வரை நீளலாம். பெக்ஸோபெனடின், லோராடடின், பிலாஸ்டின் போன்றவற்றில் தூக்கம் குறைவு. சிட்ரிசின் இரண்டுக்கும் நடுவில். எஸ்.எஸ்.எல்.சி., பியூசி பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து இதைப் பேசிவிடுங்கள். அடைத்த மூக்கோடு தூங்காத பிள்ளையும் படிக்க முடியாது.

மூக்கு அலர்ஜிக்கும் இளைப்புக்கும் மாண்டெலுகாஸ்ட் என்ற மருந்து சேர்ந்த மாத்திரை இங்கே நிறைய எழுதப்படுகிறது. பிள்ளை அதைப் போட ஆரம்பித்த பிறகு கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு என்று ஏதாவது தெரிந்தால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அமெரிக்க மருந்து ஆணையம் 2020இல் இதற்காகவே கடுமையான எச்சரிக்கையைப் பெட்டிமேல் போட வைத்தது. "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள்.

மூக்கு ஸ்ப்ரே அடித்தோம், பலனே இல்லை.

அடித்த விதத்தைக் காட்டச் சொன்னால், பத்தில் எட்டுப் பிள்ளை தலையை அண்ணாந்து, குழாயை நடுத்தண்டைப் பார்த்து வைத்து, சர்ரென்று உறிஞ்சுகிறார்கள். மருந்து நேராகத் தொண்டைக்குப் போய்விடும். என் மகளும் ஒரு மாதம் அப்படித்தான் செய்தாள், நான் பக்கத்தில் நின்று பார்க்கும் வரை.

தலையைச் சற்றுக் குனிந்துகொள்ள வேண்டும். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. குழாய் முனை காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அழுத்தும்போது பூ மணம் பார்ப்பதுபோல் மெல்ல இழுத்தால் போதும். ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கள் முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதனால் தினமும் அடிக்க வேண்டும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், மூக்கிலேயே தங்கி வேலை செய்யும் சின்ன அளவு அது.

மூக்கடைப்பை ஐந்து நிமிடத்தில் திறந்துவிடும் சொட்டு மருந்து வேறு ரகம். அதை ஐந்து நாளைக்கு மேல் போட்டால் நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். அதைக் கேட்டு மாதாமாதம் வரும் காலேஜ் பிள்ளைகளிடம் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடுமே?

ஆகாது. கண்பார்வைக்குக் கண்ணாடி போடுவது பழக்கமா? மருந்து போக வேண்டிய மூச்சுக்குழாய்க்கே நேராகப் போவதால் மாத்திரையைவிட அளவும் குறைவு. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையோடு எடுத்தால் வீணாகாது. எடுத்த பிறகு பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு வகைக்கு வாய் கொப்பளிக்க வேண்டும். இளைக்கும்போது மட்டும் அடிக்கும் சால்பியூடமால் பம்ப், வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாமல் டாக்டரிடம் போங்கள்.

கண்ணை எப்போதும் தேய்த்துக்கொண்டே இருக்கிறான்.

கண் டாக்டரிடம் காட்டுங்கள். நம்மைப்போன்ற வெயில் நாட்டில் பையன்களுக்கு வரும் கடுமையான கண் அலர்ஜி ஒன்று உண்டு. வருடக்கணக்கில் தேய்த்தால் கருவிழி கூம்புபோல் பிதுங்கிப் பார்வை கெடலாம். அரிக்கும்போது துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை மூடிய கண்மேல் வைக்கலாம். கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், கண் அழுத்தம் ஏறும்.

கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறது. கல்யாணத்தில் கருப்பு மெஹந்தி வைத்ததில் கை கொப்பளித்துவிட்டது.

முன்னது நிக்கல், ஜீன்ஸ் பொத்தானிலும் பெல்ட் கொக்கியிலும் இருக்கும். பின்னது தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம். மருதாணி இலை கருப்பாகச் சிவக்காது, கருப்பு என்றாலே சாயம் கலந்தது. இரண்டும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துக் காட்டும், ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். பார்லரில் தலைக்குக் கலர் அடிக்கும் ஆசை வந்தால் இதை நினைவுபடுத்துங்கள். இதற்கான சோதனை முதுகில் பட்டை ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பது.

வேர்க்கடலை அலர்ஜி உள்ள பிள்ளை. வெளியே சாப்பிட விடலாமா?

விடத்தான் வேண்டும், சொல்லிக்கொடுத்து. பசவனகுடியில் கார்த்திகை மாதம் கடலேகாய் பரிஷே நடக்கும்போது தெருவே கடலைக் குவியலாக இருக்கும், அதைத் தவிர்ப்பது சுலபம். கண்ணுக்குத் தெரியாத கடலைதான் கஷ்டம்: சட்னி, பேல் பூரி, அவல் உப்புமா, கிரேவியில் அரைத்துவிட்டது. "இதில் கடலை இருக்கா?" என்று கேட்பதைவிட "கடலை பட்டால் எனக்கு மூச்சு நிற்கும், இருக்கா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கன்னடத்திலும் சொல்லத் தெரிய வேண்டும். பாக்கெட் உணவில் வேர்க்கடலை, கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் வகை, சோயா, கோதுமை போன்றவற்றை அலர்ஜிப் பொருள் என்று தனியாக அச்சிட வேண்டும் என்பது 2020இன் உணவு லேபிள் விதி. எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை, அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் சேர்மானம் முழுவதையும் படிக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்று எப்போது தெரிந்துகொள்வது?

சாப்பிட்ட பின், ஊசி போட்ட பின், குளவி கொட்டிய பின் உடம்பெல்லாம் தடித்து, அதோடு குரல் கம்முவது, மூச்சிரைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல் ஏதாவது சேர்ந்தால் அது அனாபிலாக்ஸிஸ். தடிப்பு இல்லாமலும் வரலாம். அப்போது அவில் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஒன்றுதான், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடவே கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் தெளிந்துவிட்டாலும் உடனே வீட்டுக்கு வராதீர்கள், சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

ஒருமுறை இப்படி வந்த பிள்ளைக்கு அட்ரினலினைக் கையோடு வைத்திருப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வெளிநாட்டில் கிடைக்கும் தானியங்கி ஊசிப் பேனா இங்கே கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக்கொடுத்து, எப்படிப் போடுவது என்று வீட்டாருக்குப் பழக்குகிறார்கள்.

அலர்ஜி ஊசி போட்டால் குணமாகுமா?

தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றுக்குப் பலருக்கு நன்றாகக் குறைகிறது. 3 முதல் 5 வருடம் விடாமல் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வேண்டும். நாக்கடியில் வைக்கும் வகையும் உண்டு.

மருந்து எடுத்தாயா என்று கேட்டாலே சண்டை வருகிறது. நண்பர்கள் முன்னால் பம்ப் எடுக்க வெட்கப்படுகிறான்.

உணவு அலர்ஜியால் உயிர் போவது பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் கூடுதல். சொல்ல வெட்கம், மருந்தை வீட்டில் விட்டுப் போவது, "கொஞ்சம் தின்னால் என்ன" என்ற துணிச்சல். திட்டினால் இது மாறாது. 13 வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாற்றுங்கள். டாக்டரிடம் போனால் நீங்கள் பேசாதீர்கள், அவனே சொல்லட்டும். மருந்து தீர்வதற்குள் கடைக்கு அவனே வரட்டும். என் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் "தம்பி, இது எதுக்கு, எப்போ எடுக்கணும்?" என்று கேட்டு, அவர்கள் பதில் சொன்ன பிறகுதான் கொடுக்கிறேன். நெருங்கிய நண்பன் ஒருவனுக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நண்பனை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டு, பம்ப் எங்கே இருக்கும் என்று பையனே காட்டட்டும்.

அடுத்த வருடம் ஹாஸ்டல். என்ன கொடுத்து அனுப்புவது?

என் மகளும் ஜூலையில் கோயம்புத்தூர் போகிறாள். மெத்தை உறை, சொந்தத் தலையணை, இரண்டு செட் விரிப்பு. தினசரி மருந்து இரண்டு மாதத்துக்கு, அவசர பம்ப் இரண்டு: ஒன்று பையில், ஒன்று அறையில். ஒரு அட்டையில் பெயர், எதற்கு அலர்ஜி, என்ன மருந்து, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, போன் உறைக்குப் பின்னால் செருகியிருக்கிறாள். பம்ப்பின் காலாவதித் தேதியை அவள் போனில் நினைவூட்டலாகப் போட்டிருக்கிறாள். அதே தேதியை என் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.